விடுமுறைக்குத் தீம் பார்க் டிக்கெட்டை எப்போது வாங்குவது: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பகுதிகளிலிருந்து தீம் பார்க்குக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும்போது, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்று உண்டு. டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு யோசிக்கிறார்கள். இன்றோடு சலுகை முடிகிறது என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து இரவோடு இரவாகப் பணம் கட்டிய பிறகுதான், பெரிய பிள்ளைக்கு அன்று சிறப்பு வகுப்பு இருப்பதும், கேட்ட வேன் வேறு சவாரிக்குப் போய்விட்டதும், ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகராமல் நிற்பதும் ஒவ்வொன்றாகத் தெரிய வருகின்றன. இப்போது பார்க் டிக்கெட் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தேதிக்கே தரப்படுகிறது. கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது அரிது.

யார் வருகிறார்கள், எந்த நாட்களில் விடுமுறை, அவற்றில் எந்த நாள், எப்படிப் போவது, எந்த வகை டிக்கெட் ஆகிய ஐந்தும் முடிவான பின்னரே பணம் கட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே உள்ளன.

1. ஆட்கணக்கையும் உயரத்தையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் வருபவர்களின் பெயர், வயது, உயரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். வயதை எழுதுபவர்கள் உயரத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால், நம் நாட்டுப் பார்க்குகள் பலவற்றில் சிறுவர் டிக்கெட்டை முடிவு செய்வது உயரமே. பல ஊர்களில் உள்ள வொண்டர்லா பார்க்குகளில் 85 சென்டிமீட்டருக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 85 முதல் 140 சென்டிமீட்டர் வரை சிறுவர் கட்டணம். அதற்கு மேல் பத்து வயதுப் பிள்ளையானாலும் பெரியவர் கட்டணம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் கணக்கு வேறு: அங்கே வயதைத்தான் பார்க்கிறார்கள், 4 முதல் 12 வயது வரை சிறுவர், 4 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை.

உயரத்தை வீட்டிலேயே சரியாக அளந்துவிடலாம். பிள்ளையின் செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரை ஒட்டும்படி நிறுத்தி, தலையின் மேல் ஒரு ஸ்கேலைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தையல் டேப்பால் அளக்க வேண்டும். நுழைவாயிலில் உள்ள அளவுகோல் அருகே, “தம்பி, நேரா நில்லுப்பா, காலை மடக்காதே” என்று ஊழியர் சொல்ல, தாய் பக்கத்தில் நின்று “போன மாசம்தாங்க 138 இருந்தான்” என்று வாதாடும் காட்சியை விடுமுறை நாட்களில் காணலாம். வளரும் வயதில் இரண்டு சென்டிமீட்டர் விரைவில் கூடிவிடும். எல்லையை ஒட்டி இருக்கும் பிள்ளைக்குப் பெரியவர் டிக்கெட் வாங்குவதே நிம்மதி.

உயரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பெரிய ரோலர் கோஸ்டர் போன்ற ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் வைத்திருப்பார்கள். வீட்டில் இருவருமே அந்த உயரத்தைத் தொடாத சிறு பிள்ளைகள் என்றால், பெரிய ரைடுகளுக்காகவே விலை கூடிய பார்க்குக்கு இந்த ஆண்டு போவது வீண் செலவு. இரண்டு ஆண்டுகள் கழித்துப் போகலாம்.

பெயர்ப் பட்டியலோடு சேர்த்து, யாருக்கெல்லாம் சலுகைக்கான அடையாள அட்டை இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி அடையாள அட்டைக்கும், 60 வயது கடந்தோருக்கும், பொதுத்தேர்வு எழுதிய மாணவர்களின் ஹால் டிக்கெட்டுக்கும் சலுகை தரும் பார்க்குகள் உள்ளன. அசல் அட்டையைக் காட்டினால்தான் சலுகை செல்லும். பிளஸ் டூ தேர்வு முடிந்த அன்றே ஹால் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடும் பிள்ளைகளிடம் அதை வாங்கிப் பத்திரப்படுத்துவது பெற்றோரின் வேலை.

2. விடுமுறைத் தேதி உறுதியாகும்வரை எதையும் வாங்காதீர்கள்

போன ஆண்டு இதே தேதியில் லீவு விட்டார்கள் என்ற நினைவை நம்பித் தேதி குறிப்பது புதியவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. பள்ளி நாட்காட்டி இங்கே அடிக்கடி மாறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலையும் ரம்ஜானையும் ஒட்டிக் கீழ்வகுப்புகளின் ஆண்டுத் தேர்வுத் தேதிகள் மாற்றப்பட்டன. வெயிலைக் காரணம் காட்டிப் பள்ளித் திறப்பு 2023-லும் 2024-லும் ஜூன் இரண்டாம் வாரம்வரை தள்ளிப்போனது.

பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்த பிறகே தேதி குறியுங்கள். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை மாநிலப் பாடத்திட்டத்திலும் இன்னொன்று சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் படித்தால் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பொதுவான நாட்களை வட்டமிட வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் ஏப்ரல் தொடக்கத்திலேயே புதிய வகுப்பு ஆரம்பித்துவிடுவதால், அந்த மாதத்தில் பொதுவான நாட்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

அடுத்தது வேலைக்குப் போகிறவரின் விடுப்பு. எண்ணூர், மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஷிப்டு முறையில் வேலை செய்பவருக்கு வார விடுமுறை ஞாயிறன்று வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. இது டிக்கெட் விஷயத்தில் பெரிய வசதி. பிள்ளைகளின் விடுமுறைக் காலத்தில் அவருக்கு ஒரு செவ்வாயோ புதனோ ஓய்வு கிடைத்தால், கூட்டமும் விலையும் குறைந்த நாள் தானாகவே அமைந்துவிடும். இரவு ஷிப்டு முடித்த கையோடு கிளம்பும் திட்டம் மட்டும் வேண்டாம். தூக்கமில்லாத உடம்போடு ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்க முடியாது. ஒரு ஆள் டிக்கெட் அப்படியே வீணாகும்.

3. நாளைத் தேர்ந்தெடுப்பது: எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு என்று பாருங்கள்

டிக்கெட் விலையையும் வரிசையின் நீளத்தையும் முடிவு செய்வது நம் விடுமுறை அல்ல. பார்க் இருக்கும் ஊரின் விடுமுறை. எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்க வேண்டிய படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சென்னைப் பார்க்குகளை எடுத்துக்கொள்வோம். ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்ட், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா ஆகியவை நாம் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை. இங்கெல்லாம் பொங்கல் விடுமுறை, அதிலும் காணும் பொங்கல், ஆங்கிலப் புத்தாண்டு, மே மாதத்துச் சனி ஞாயிறுகள் ஆகியவை மிகக் கூட்டமான நாட்கள். காணும் பொங்கலன்று கிழக்குக் கடற்கரைச் சாலையே நெரிசலில் திணறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பண்டிகை நாளில்தானே போக வேண்டும் என்று ஆண்டுதோறும் போய், நான்கைந்து ரைடுகளோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வாரத்தில் பள்ளி திறப்பதற்குள் ஒரு வேலைநாள் கிடைத்தாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறையில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றும் நல்ல நாட்கள். திங்களும் வெள்ளியும் சனி ஞாயிறோடு சேர்த்து லீவு எடுப்பவர்களால் நிரம்பும். பள்ளித் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில், அறிவிப்பு வந்த வாரத்தில் கூட்டம் திடீரென்று கூடும். ஜூன் முதல் வாரம் காலியாக இருக்கும் என்ற பழைய கணக்கு அப்போது பொய்த்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பலத்த காற்றும் இடியும் இருந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நீர் விளையாட்டுகளும் நிற்கும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே டிக்கெட் வாங்கி வைப்பதால் என்ன பயன்? மழைக்காலத்துக்குக் கடைசி நேர டிக்கெட்தான் சரி.

வெளியூர் என்றால் கணக்கு தலைகீழாக மாறும். நமக்குக் காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் தசரா விடுமுறை இருக்கும். அதனால் பெங்களூருக்கு வெளியே பிடதி அருகில் உள்ள வொண்டர்லாவும், ஹைதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டியும் வேலைநாட்களில்கூட நிரம்பியிருக்கும். அதே நாட்களில் கேரளத்தில் பூஜை விடுமுறை ஓரிரு நாட்களே. அந்த நாட்களைத் தவிர்த்தால் கொச்சி வொண்டர்லாவில் வேலைநாள் கூட்டம் குறைவு. டிசம்பரில் நிலைமை நேர்மாறு: நமக்கு அரையாண்டு விடுமுறை, அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை, போதாக்குறைக்குச் சபரிமலை சீசனால் ரயில்களில் இடமே இருக்காது. கொச்சிக்குக் காலாண்டு விடுமுறையில் போவதும் டிசம்பரில் உள்ளூரோடு நின்றுகொள்வதும் என் வழக்கம்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு நம் கோடை விடுமுறையே சாதகம். அங்கே ஆண்டு நடுப் பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க நீள்கிறது. ஆண்டு இறுதி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய. ஆகவே மே முதல் மூன்று வாரங்களில் வரும் வேலைநாட்கள் நமக்கு லீவு, அவர்களுக்குப் பள்ளி. மே 1 அங்கேயும் அரசு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. வாகனமும் ரயிலும் பார்க் டிக்கெட்டுக்கு முன்னால்

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் படி மிக முக்கியம். ஏனென்றால் உள்ளூர்ப் பார்க்குகள் எல்லாமே நகரத்தின் மறுகோடியில் இருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து திருப்போரூருக்கு ஒருவழித் தூரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும்வரை நேரக் கணக்கும் நிச்சயமில்லை. மணலி, மாதவரம், மீஞ்சூர் பக்கத்தவர்கள் ஊருக்குள் நுழையாமல் மீஞ்சூர்-வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலை வழியாகப் போவது நல்லது. கிலோமீட்டர் கூடினாலும் சிக்னல்கள் குறைவு. குயின்ஸ்லேண்டுக்கும் இதே வெளிவட்டச் சாலையில் வந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் திரும்பிவிடலாம். தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, விம்கோ நகர்க்காரர்கள் காலை நேரத்தில் மெட்ரோவில் நகரைக் கடந்துவிட்டு, அங்கிருந்து பேருந்தோ காரோ பிடிக்கலாம். இரண்டு மூன்று பேர் மட்டும் போகும்போது இதுதான் செலவு குறைந்த வழி.

வேனில் போவதானால் வேனுக்கு முன்பணம் கொடுத்த பிறகே பார்க் டிக்கெட். மே மாதமும் முகூர்த்த நாளும் சேர்ந்துவிட்டால் டெம்போ டிராவலர் கிடைக்காது, கல்யாணங்களுக்குப் போய்விடும். தேதியை முடிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாள் பார்த்துக்கொள்வது வேன் வாடகைக்காகவே நல்லது. ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் கட்டணம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ரயிலில் போகும் ஊர்களுக்கு முறை கறாரானது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பயண நாள் அந்தக் கணக்கில் சேராது. மே 10-ஆம் தேதிப் பயணத்துக்கு மார்ச் 11 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். திரும்பும் டிக்கெட் அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் திறக்கும் என்பதால், அந்த நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பும் டிக்கெட்டை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெரம்பூரில் நிற்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தால் சுமையோடு சென்ட்ரல்வரை போக வேண்டியதில்லை.

இரு வழியும் உறுதியான டிக்கெட்டாகவோ, குறைந்தது உட்கார இடம் தரும் ஆர்.ஏ.சி.யாகவோ ஆன பின்னரே பார்க்குக்குப் பணம் கட்டுங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோரும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ஏற முடியாது. ரயில் பணம் திரும்ப வரும், பார்க் பணம் வராது. தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பார்க் டிக்கெட் வாங்குவதும் இதே ஆபத்துதான். பயணத்துக்கு முந்தைய நாள் காலை ஏ.சி. வகுப்புக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும் தட்கலில், விடுமுறைக் காலத்தில் நான்கு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது கடினம்.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட், விமானம், விசா, அதன் பிறகு பார்க். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா தேவை. விசா கைக்கு வருமுன் யுனிவர்சல் டிக்கெட்டை வாங்கித் தரும் டிராவல்ஸ்காரரிடம், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள்.

5. எந்த வகை டிக்கெட் என்று முடிவு செய்யுங்கள்

தேதி குறிப்பிட்ட டிக்கெட், அதே டிக்கெட்டில் தேதி மாற்றும் வசதி உள்ளது, சாப்பாடு சேர்ந்தது, வரிசையில் முந்திச் செல்ல உதவும் ஃபாஸ்ட்ராக் என்று பல வகைகள் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: தேதி மாற்றலாமா, எத்தனை நாளுக்கு முன்னால் மாற்ற வேண்டும், மழையால் ரைடு நின்றால் என்ன தருவார்கள்.

ஃபாஸ்ட்ராக் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூட்டமான நாளில் வேறு வழியே இல்லாமல் போகிறவர்களுக்கு மட்டும் அது பயன்படும். வேலைநாளில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். சனிக்கிழமைக்கு ஃபாஸ்ட்ராக் வாங்க எண்ணும் குடும்பம், அந்தப் பணத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புதன்கிழமை சாதாரண டிக்கெட்டில் போனால் கூடுதல் ரைடுகள் கிடைக்கும் என்பதே என் கருத்து.

சாப்பாடு சேர்ந்த டிக்கெட்டை வாங்குமுன், வெளி உணவை அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். பல பார்க்குகளில் அனுமதி இல்லை. கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு இருக்கும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்து, அதை வேனிலேயே வைத்துவிட்டு உள்ளே காசு கொடுத்துச் சாப்பிடும் நிலை வரக் கூடாது. விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த கடைசித் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள். முதல் திரையில் பெரிய எழுத்தில் தெரியும் தொகையோடு வரியும் வசதிக் கட்டணமும் சேரும்போது, மலிவாகத் தெரிந்தது மலிவாக இருப்பதில்லை.

6. பணம் கட்ட வேண்டிய சரியான நாள்

உள்ளூர்ப் பார்க், சாதாரண வேலைநாள் என்றால் நான்கைந்து நாட்களுக்கு முன் வாங்குங்கள். இந்தக் கணக்குக்குக் காரணம் வானிலை. நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி முன்னறிவிப்பை அத்தனை நாட்களுக்குத்தான் ஓரளவு நம்பலாம். அதற்கு முன்பே வாங்கினால் விலையில் லாபம் அதிகமில்லை; காய்ச்சல், மழை, திடீர் ஷிப்டு மாற்றம் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். அதற்காக வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் வேண்டாம். ஆன்லைன் சலுகை கவுன்டரில் கிடைக்காத இடங்கள் உண்டு. கவுன்டர் வரிசையில் நிற்கும் நேரமும் கட்டணம் கட்டிய நேரம்தான்.

பொங்கல் விடுமுறை, புத்தாண்டு, மே மாதச் சனி ஞாயிறு என்று தவிர்க்கவே முடியாத நாளாக இருந்தால் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிவிடுங்கள். இந்த நாட்களுக்குக் கடைசி நேரத்தில் விலை குறைவதில்லை; சலுகை டிக்கெட்டுகள்தான் முதலில் தீரும். மழைக்கால விடுமுறை என்றால், முன்பு சொன்னபடி, இரண்டு நாட்களுக்கு முன் போதும். தேதி மாற்றும் வசதி உள்ள டிக்கெட் சற்றுக் கூடுதல் விலை என்றாலும் அந்த மாதங்களில் அதையே எடுங்கள்.

ரயிலில் போகும் ஊர்களுக்கு, இருவழி ரயில் டிக்கெட்டும் உறுதியான பின் அவசரம் எதுவும் இல்லை. பயணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது வாங்குங்கள். ரயிலிலிருந்து இறங்கிய அன்றே பார்க்குக்குப் போகும்படி தேதி போடுவது தவறு. இரவு ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் அரை நாள் டிக்கெட் வீண். அறை எடுத்துத் தங்கி மறுநாள் காலை போகும்படியே தேதி போடுங்கள்.

வெளிநாட்டுப் பார்க்குகளில் விற்பனை திறக்கும் நாளையே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கு இரண்டு மாதம் முன்னதாக, ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்கு, அதாவது நமக்குக் காலை 10.30 மணிக்கு விற்பனை திறக்கிறது. அங்கே விலையும் நாளுக்கு நாள் மாறும். சிங்கப்பூர் யுனிவர்சலுக்கு, விசா வந்த கையோடு வாங்கினால் போதும். ஆனால் வரிசையில் முந்தும் எக்ஸ்பிரஸ் பாஸ் நுழைவு டிக்கெட்டில் அடங்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும். அதை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

7. சீட்டுக் குழு, தெருக் குழு, தடைக்காலம்

தெருவாகச் சேர்ந்து போகும்போது டிக்கெட் வாங்கும் நாளை முடிவு செய்வது பார்க் அல்ல, பணம் சேரும் வேகம். குழுச் சலுகைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது பார்க்குக்குப் பார்க் வேறுபடும் என்பதால், முதலில் அதைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் கடைசி ஆள்வரை நம்பிக் கணக்கிடாதீர்கள். இருபது பேர் வருவதாகச் சொன்னால் பணம் தந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கே டிக்கெட். “நீங்க போட்டு வாங்கிடுங்க அண்ணே, சம்பளம் வந்ததும் தர்றேன்” என்பவருக்குப் பொறுப்பாளர் தன் பணத்தைப் போடக் கூடாது. மனத்தாங்கல் அங்கிருந்துதான் தொடங்கும். டிக்கெட் வாங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு பணம் கட்டக் கடைசி நாள் வையுங்கள்.

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பங்களிலும் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறையோடு அது ஒத்துப்போவதால், ஆண்டு முழுவதும் கடலில் இருக்கும் தகப்பன் வீட்டில் இருக்கும் காலமும் அதுவே. கையில் பணம் குறையும் காலமும் அதுவே. ஆகவே இந்தக் குடும்பங்களுக்கு, பிப்ரவரி, மார்ச்சில் படகு ஓடும்போதே வாரந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும்படி சொல்கிறேன். டிக்கெட்டை மார்ச்சில் வாங்க வேண்டியதில்லை; பணம் மட்டும் தனியாக இருந்தால் போதும். தடைக்காலத்தில் எந்த நாளும் ஓய்வுதான் என்பதால், கூட்டம் குறைந்த செவ்வாய், புதனில் மிகக் குறைந்த விலை டிக்கெட்டோடு போக வேறு யாரைவிடவும் இவர்களுக்கு வசதி உண்டு.

8. பணம் கட்டும்போது

பார்க்கின் சொந்த இணையதளம் அல்லது செயலியில் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பாதி விலை என்று வரும் இணைப்புகளில், பார்க்கின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பக்கம் அசலைப் போலவே இருக்கும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நாள்வரை காத்திராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுக்க அதுவே வழி.

பணம் கட்டும் முன் கடைசித் திரையில் நான்கை வாய்விட்டுப் படியுங்கள்: எந்த ஊர்ப் பார்க், எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை பெரியவர் எத்தனை சிறுவர். ஒரே நிறுவனத்துக்குப் பல ஊர்களில் பார்க் இருந்தால் பக்கம் தானாக வேறு ஊரைக் காட்டும். சென்னைக்குப் போகிறவர் பெங்களூருக்கு வாங்கிவிடுவது இப்படித்தான். கிழமையைப் படிப்பதற்குக் காரணம், மாதம் மாறி அதே தேதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிழமைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

யு.பி.ஐ.யில் பணம் கழிந்து டிக்கெட் வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் பார்த்து, பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, பார்க்கின் உதவி எண்ணில் கேளுங்கள். தோல்வியடைந்த பரிவர்த்தனை என்றால் பணம் பெரும்பாலும் கணக்குக்குத் திரும்பிவிடும். இரண்டு முறை வாங்கிய டிக்கெட் திரும்பாது.

9. வாங்கிய பிறகு

டிக்கெட்டின் க்யூ.ஆர். குறியீட்டைப் படமாகச் சேமித்து, குடும்பத்தில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடும்போது இணையம் மந்தமாகும். ஒரே கைப்பேசியை நம்பினால் பேட்டரி தீர்ந்தவுடன் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். சலுகைக்கான அசல் அட்டைகளை ஒரே உறையில் போட்டு, முதல் நாள் இரவே பையில் வையுங்கள்.

தேதி மாற்றக் கடைசி நாளைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போடுங்கள். அன்று மாலை வானிலை அறிவிப்பையும் பிள்ளைகளின் உடம்பையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். மறுநாள் காலை மாற்றக் கேட்டால் விதியைத்தான் காட்டுவார்கள்.

நீர் விளையாட்டுகளுக்கு நைலான் அல்லது லைக்ரா துணி வேண்டும். பருத்தி உடையோடு விடுவதில்லை. வாசலில் வாங்கினால் விலை அதிகம் என்பதால், டிக்கெட் வாங்கிய அந்த வாரத்திலேயே எம்.சி. ரோட்டில் வாங்கி விடுங்கள். நீர்ப் பகுதியை நண்பகலை ஒட்டித்தான் திறக்கும் பார்க்குகள் உள்ளதால், திறக்கும் நேரத்தையும் இப்போதே பார்த்து வையுங்கள். காலையில் உலர் ரைடுகளை முடிக்கும்படி வாசல் திறக்குமுன் போய்ச் சேர வேண்டும் என்றால், திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைப்பதற்கு முன்பே புறப்பட வேண்டும். வேன்காரரிடம் புறப்படும் நேரத்தைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.